களைத்த இதயமும் தார்க்குச்சியும்: இதயச் செயலிழப்பில் தூண்டு மருந்துகளின் ஆற்றல் செலவு

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவது அன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இதயம் இறைத்துத் தர முடியாத நிலை, அல்லது இதய அறைகளில் அழுத்தம் மிகுந்தால்தான் தர முடிகிற நிலையே இதயச் செயலிழப்பு எனப்படுகிறது. சிறிது நடந்தாலே மூச்சு வாங்குதல், இரவில் மல்லாந்து படுக்க முடியாமை, கால் வீக்கம், தீராத அசதி ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள்.

இறைக்கும் வலு குறைந்ததுதான் நோய் என்றால், வலுவைக் கூட்டும் மருந்தைக் கொடுத்தால் நோய் குறைய வேண்டும். இந்த எளிய தருக்கத்திலிருந்து வளர்ந்தவையே இதயத் தூண்டு மருந்துகள். டோபமின், டோபுடமின், மில்ரினோன் ஆகியவை இன்றும் பயன்பாட்டில் உள்ள எடுத்துக்காட்டுகள். இவை இதயத் தசை சுருங்கும் விசையைக் கூட்டுகின்றன. நோயாளிக்குச் சில மணி நேரத்திலேயே தெம்பு வரலாம். ஆனால் இவ்வகை மருந்துகளை மாதக்கணக்கில் தொடர்ந்து கொடுத்த பெரிய ஆய்வுகளில், மருந்து பெற்றவர்களே அதிகம் இறந்தார்கள். இந்த முரண்பாட்டை விளக்க முன்வைக்கப்படும் கருத்துகளுள் புகழ்பெற்றது ஆற்றல் செலவு என்னும் கருத்து. அக்கருத்து எதை விளக்குகிறது, எங்கே போதாமல் நிற்கிறது, நம் ஊர் நோயாளிக்கு அதனால் என்ன பயன் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கமலை மாடு என்னும் உவமை

மேலை மருத்துவ நூல்களில் தூண்டு மருந்தைக் களைத்த குதிரையின் மேல் விழும் சாட்டைக்கு ஒப்பிடுவது வழக்கம். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை செல்லும் சாலையில் உள்ள காரியாபட்டி போன்ற வறண்ட வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் குதிரையைவிட மாடே நெருக்கமானது. மின்சாரப் பம்பு செட்டு வருவதற்கு முன், இப்பகுதிக் கிணறுகளில் கமலை கட்டித் தண்ணீர் இறைத்தார்கள். மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும்போது சால் மேலே வரும். பின்னோக்கி ஏறும்போது சால் கிணற்றுக்குள் இறங்கும். இதயமும் அப்படியே சுருங்கும்போது இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, விரியும்போது நிரம்புகிறது.

மாடு களைத்து நடை தளர்ந்தால் தார்க்குச்சியால் ஒரு குத்துக் குத்தலாம். அடுத்த சால் விரைவாக மேலே வரும். ஆனால் தீவனம் இல்லாத மாட்டைப் பொழுதெல்லாம் குத்தி ஓட்டினால், அது தண்ணீர் இறைத்து முடிக்கும் முன்பே சரிந்துவிடும். தார்க்குச்சி மாட்டுக்கு வலுவைக் கொடுப்பதில்லை, இருக்கும் வலுவை விரைவாகச் செலவழிக்க வைக்கிறது. தூண்டு மருந்தைப் பற்றிய ஆற்றல் வாதத்தின் சாரம் இவ்வளவுதான். இவ்வுவமை எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை அறிய, முதலில் இதயத்தின் வரவு செலவைப் பார்க்க வேண்டும்.

இதயத்தின் ஆற்றல் கணக்கு

உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிடும் நாணயம் ஏடிபி என்னும் மூலக்கூறு. ஒரு மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 6 கிலோ ஏடிபியை ஆக்கி அழிக்கிறது. இது இதயத்தின் சொந்த எடையைப் போல் இருபது மடங்குக்கும் மேல். ஆனால் எந்த நொடியிலும் இதயத்தின் கையிருப்பு மிகச் சிறியது, புதிதாக ஆக்காவிட்டால் சில நொடிகளுக்குத்தான் வரும். எனவே இதயம் அன்றாடங்காய்ச்சி. சேமித்து வைத்துச் செலவழிக்க அதனால் இயலாது.

இந்த ஏடிபியில் 60 முதல் 70 விழுக்காடு தசை சுருங்குவதற்கும், எஞ்சியதில் பெரும்பகுதி கால்சியம், சோடியம் முதலிய அயனிகளை அவற்றின் இடத்துக்குத் திருப்பி அனுப்பும் எக்கிகளுக்கும் செலவாகிறது. வரவு பெரும்பாலும் மைட்டோகாண்டிரியாவில் கொழுப்பமிலங்களை எரிப்பதால் வருகிறது. குளுக்கோசு முதலியவை மீதியைத் தருகின்றன. எரிக்க ஆக்சிசன் வேண்டும். உடலின் மற்ற உறுப்புகள் தம்மிடம் வரும் இரத்தத்திலிருந்து ஆக்சிசனில் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்ளும்போது, இதயத் தசை ஓய்விலேயே ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. செலவு கூடும்போது மேலும் பிழிந்தெடுக்க அதிகம் மிச்சம் இல்லை. இதயத் தமனிகளின் வழியே கூடுதல் இரத்தம் வந்தால்தான் உண்டு. அத்தமனிகளில் அடைப்பு உள்ளவருக்கு அந்த வழியும் குறுகியது.

செயலிழந்த இதயத்தில் வரவே குறைந்துவிடுகிறது. நோய் முற்றிய நிலையில் ஏடிபி அளவு இயல்பைவிட 30 முதல் 40 விழுக்காடு குறைகிறது. ஏடிபிக்கு உடனடி மாற்றாக நிற்கும் பாஸ்போகிரியேட்டின் அளவு அதைவிட முன்னரே, அதைவிட அதிகமாகக் குறைகிறது. இசுடெஃபான் நியூபவரும் குழுவினரும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், விரிந்த இதயத் தசை நோய் உள்ளவர்களில் பாஸ்போகிரியேட், ஏடிபி ஆகியவற்றின் விகிதம் குறைவாக இருந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். 2007-ல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று செயலிழந்த இதயத்தை எரிபொருள் தீர்ந்த எந்திரம் என்றே அழைத்தது. தீவனம் குறைந்த மாடு என்னும் நம் உவமையின் முதல் பாதிக்கு இதுவே ஆதாரம்.

தூண்டு மருந்து செலவைக் கூட்டும் வழிகள்

டோபுடமின் இதய உயிரணுவின் மேலுள்ள பீட்டா ஏற்பிகளைத் தூண்டுகிறது. அதனால் உயிரணுவுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூதுப் பொருள் பெருகுகிறது. மில்ரினோன் அந்தத் தூதுப் பொருளை அழிக்கும் நொதியைத் தடுக்கிறது. இரண்டின் முடிவும் ஒன்றே: ஒவ்வொரு துடிப்பிலும் உயிரணுவுக்குள் அதிகக் கால்சியம் பாய்கிறது, தசை வலுவாகச் சுருங்குகிறது.

இதற்கான விலையை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கால்சியத்தின் கூலி. உள்ளே வந்த கால்சியம் வெளியேறினால்தான் தசை தளரும். அதை உள்ளறைக்குத் திருப்பி அனுப்பும் எக்கி இரண்டு கால்சியம் அயனிகளுக்கு ஒரு ஏடிபியைச் செலவிடுகிறது. கால்சியம் கூடக் கூட இந்தக் கூலியும் கூடும். சப்பானிய உடலியங்கியலாளர் ஹிரோயுகி சுகா, இதயத்தின் ஆக்சிசன் செலவை இரு பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று இறைக்கும் வேலைக்கானது. மற்றொன்று வேலையைச் சாராதது, கால்சியத்தைக் கையாளவும் உயிரணுவைப் பேணவும் ஆவது. தூண்டு மருந்துகள் இந்த இரண்டாம் பகுதியை உயர்த்துகின்றன என்பது அவர் கண்டது. அதாவது, ஒரே அளவு வேலைக்கும் இதயம் கூடுதலாகச் செலவிட நேர்கிறது.

இரண்டாவது, துடிப்பின் எண்ணிக்கை. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் இதயம் ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. அது 100 ஆனால் 1,44,000. ஒரே நாளில் 40,320 துடிப்புகள் கூடுதல்.

மூன்றாவது, வரவின் நேரம். இடது கீழறையின் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் வேளையில்தான் கிடைக்கிறது. துடிப்பு விரைந்தால் முதலில் சுருங்குவது இந்த ஓய்வு வேளையே. செலவு கூடும் அதே நேரத்தில் வரவுக்கான நேரம் குறைகிறது.

இவற்றோடு இன்னொன்றும் உண்டு. உடலே ஏற்கெனவே தார்க்குச்சியைப் பிடித்திருக்கிறது. இதயம் தளரும்போது நரம்பு மண்டலம் நார்அட்ரினலினைச் சுரந்து இதயத்தை விரட்டுகிறது. சே கோன் குழுவினர் 1984-ல், இரத்தத்தில் நார்அட்ரினலின் அதிகமாக இருந்த நோயாளிகளின் வாழ்நாள் குறைவு என்று காட்டினர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு மைக்கேல் பிரிசுடோ குழுவினர், செயலிழந்த மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகளின் எண்ணிக்கை பாதியளவு குறைந்திருப்பதைக் கண்டனர். ஓயாத குத்தலுக்கு இதயம் தன் தோலைத் தடிப்பாக்கிக்கொள்கிறது என்று இதைச் சொல்லலாம்.

ஆய்வுகள் தந்த தீர்ப்பு

1980-களில் மாத்திரையாகக் கொடுக்கத்தக்க தூண்டு மருந்துகள் பல உருவாகின. நோயாளிகள் நடமாட்டம் மேம்பட்டதாகத் தொடக்க ஆய்வுகள் கூறின. பின்னர் இறப்பை அளவுகோலாக வைத்த ஆய்வுகள் வந்தன.

1990-ல் வெளியான சாமோட்டெரால் ஆய்வில் 516 பேர் பங்கேற்றனர். மருந்து பெற்றவர்களில் 9.1 விழுக்காட்டினரும், மருந்துப்போலி பெற்றவர்களில் 3.7 விழுக்காட்டினரும் இறந்தனர். 1991-ல் வெளியான ப்ராமிஸ் ஆய்வில் 1,088 பேருக்கு மில்ரினோன் மாத்திரையோ மருந்துப்போலியோ தரப்பட்டது. மில்ரினோன் பெற்றவர்களின் இறப்பு 28 விழுக்காடு அதிகம். இதில் கவனிக்க வேண்டியது, மிகக் கடுமையான நோய் உள்ளவர்களிடம் இந்த இழப்பு 53 விழுக்காடாக இருந்தது. எவருக்கு மருந்து மிகவும் தேவை என்று நினைத்தோமோ அவரையே அது மிகுதியாகத் தாக்கியது. 1998-ல் வெசுனரினோன் ஆய்வு 3,833 பேரிடம் நடந்தது. நோயாளிகள் முதலில் நலமாக உணர்ந்தார்கள், ஆயினும் மருந்தின் அளவு கூடக் கூட இறப்பும் கூடியது.

இரத்தக் குழாய் வழியே குறுகிய காலம் தருவது பாதுகாப்பானதா என்பதை 2002-ல் ஆப்டைம் ஆய்வு சோதித்தது. அதிர்ச்சி நிலையில் இல்லாத, நோய் முற்றி மருத்துவமனையில் சேர்ந்த ஏறத்தாழ 950 பேருக்கு மில்ரினோன் கொடுத்தும் மருத்துவமனை நாட்கள் குறையவில்லை. இரத்த அழுத்தச் சரிவும் இதயத் தாளக் கோளாறும் கூடின.

பழைய மருந்தான டைகாக்சினின் கதை சற்று வேறானது. வில்லியம் விதரிங் 1785-ல் டிஜிடாலிஸ் செடியைப் பற்றி எழுதிய நூலிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. நம் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் பூக்கும் அரளியிலும் இதன் உறவுப் பொருள்களே நஞ்சாக உள்ளன. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பதால் நாட்டு வைத்தியமாக அரளியைத் தொடவே கூடாது. டைகாக்சின் சுருங்கு விசையைச் சிறிதளவு கூட்டினாலும் துடிப்பை விரைவாக்குவதில்லை, குறைக்கிறது. 1997-ல் 6,800 பேரிடம் நடந்த ஆய்வில் அது இறப்பைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது மட்டும் 28 விழுக்காடு குறைந்தது. எனவே தூண்டு மருந்துகள் அனைத்தையும் ஒரே கூடையில் போடுவது சரியன்று.

தார்க்குச்சியைப் பறித்தவர்கள்

1975-ல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்சுடைனும் உடன் பணியாற்றியோரும் ஏழு நோயாளிகளுக்கு பீட்டா தடுப்பி கொடுத்து, அவர்கள் நலமடைந்ததாக எழுதினர். தளர்ந்த இதயத்தை மேலும் அடக்கும் மருந்தைக் கொடுப்பது அன்றைய பாடநூல்களுக்கு நேர் எதிரானது. அந்த ஏழு பேரை நம்பியவர்கள் குறைவு. பெரிய ஆய்வுகளின் முடிவுக்கு உலகம் கால் நூற்றாண்டு காத்திருந்தது.

1999-ல் சிபிஸ்-2 ஆய்வு 2,647 பேரிடம் பிசோப்ரலோலைச் சோதித்தது. மருந்துப்போலிக் குழுவில் 17.3 விழுக்காட்டினரும், மருந்துக் குழுவில் 11.8 விழுக்காட்டினரும் இறந்தனர். அதே ஆண்டு 3,991 பேரிடம் நடந்த மெட்டோப்ரலோல் ஆய்விலும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது. 2001-ல் கோபர்னிக்கஸ் ஆய்வு, கடுமையான நோய் உள்ள 2,289 பேரிடம் கார்வெடிலால் 35 விழுக்காடு இறப்பைக் குறைப்பதாகக் காட்டியது. பீட்டா ஏற்பியைத் தூண்டிய மருந்து உயிரைக் குறைத்தது, அதே ஏற்பியை மூடிய மருந்து உயிரைக் காத்தது. மருத்துவ வரலாற்றில் ஒரு கோட்பாடு இவ்வளவு தெளிவாகத் தலைகீழான இடங்கள் அதிகம் இல்லை.

ஒரே பலன், இரு விலை

ஆற்றல் வாதத்துக்கு மிக அழகான சான்று பெரிய ஆய்வு எதுவும் அன்று, பத்தே நோயாளிகளிடம் நடந்த ஒரு சிற்றாய்வு. அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சில் டேவிட் காசு குழுவினர் 2000-ல் இதை வெளியிட்டனர். நோயாளிகளின் இதயம் விரிந்து தளர்ந்திருந்ததோடு, இடது கீழறைக்கு மின் தூண்டல் செல்லும் பாதையிலும் தடை இருந்தது. அதனால் இதயச் சுவரின் ஒரு பக்கம் முந்தியும் மறு பக்கம் பிந்தியும் சுருங்கியது. கமலையில் ஒரு மாடு இழுக்கும்போது இணை மாடு நிற்பதைப் போன்ற நிலை இது.

பேஸ்மேக்கர் மூலம் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் சுருங்க வைத்தபோது, இதயம் அழுத்தத்தை உயர்த்தும் வேகம் ஏறத்தாழ 43 விழுக்காடு கூடியது. ஆக்சிசன் செலவோ ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. பிறகு அதே அளவு முன்னேற்றம் வரும்வரை டோபுடமின் கொடுத்தார்கள். இம்முறை ஆக்சிசன் செலவு 22 விழுக்காடு உயர்ந்தது. கிடைத்த பலன் ஒன்று, கொடுத்த விலை இரண்டு. பின்னர் 2005-ல் 813 பேரிடம் நடந்த கேர் ஆய்வில், இந்த ஒத்திசைவுச் சிகிச்சை இறப்பை 36 விழுக்காடு குறைத்தது. இதயத்தின் வலுவைக் கூட்டுவதே கேடு என்பதில்லை, எந்த விலையில் கூட்டுகிறோம் என்பதே கேள்வி என்பதை இவ்விரு ஆய்வுகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

ஆற்றல் வாதத்தின் போதாமைகள்

இவ்வளவு பொருத்தமாக இருப்பதாலேயே ஆற்றல் வாதத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்கும் பழக்கம் பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் உண்டு. நான்கு தடைகளை அது இன்னும் முழுமையாகத் தாண்டவில்லை.

ஒன்று, செலவு எல்லாரிடமும் ஒரே அளவில் ஏறுவதில்லை. பெருத்த இதயத்தின் சுவரில் இழுவிசை அதிகம். இழுவிசையும் ஆக்சிசனைத் தின்னும். தூண்டு மருந்தால் இதயத்தின் அளவு குறுகினால் இழுவிசை குறைந்து, ஒரு பகுதிச் செலவு மிச்சமாகிறது. மில்ரினோன் இரத்தக் குழாய்களையும் விரிப்பதால் இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. ஆகவே மில்ரினோன் பெற்றவர்களின் கூடுதல் இறப்பை ஆக்சிசன் செலவு ஒன்றாலேயே விளக்க முடியாது. சைக்ளிக் ஏஎம்பியும் கால்சியமும் மிகுவதால் தோன்றும் ஆபத்தான தாளக் கோளாறுகள், உயிரணுச் சிதைவு ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

இரண்டு, தூண்டலைக் குறைத்தால் எப்போதும் நன்மை என்றால் மோக்சோனிடின் வென்றிருக்க வேண்டும். மூளையிலிருந்து வரும் விரட்டலையே அடக்கும் மருந்து அது. 1,934 பேரிடம் தொடங்கிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்துக் குழுவில் 54 பேர், மருந்துப்போலிக் குழுவில் 32 பேர் இறந்திருந்தனர். நெருக்கடியில் உள்ள உடல் தார்க்குச்சியை ஒரேயடியாக விட்டுவிடவும் முடியாது.

மூன்று, செலவைக் கூட்டாத தூண்டு மருந்து கிடைத்தால் சிக்கல் தீரும் என்று ஆற்றல் வாதம் முன்னறிவிக்கிறது. கால்சியத்தைக் கூட்டாமல், இருக்கும் கால்சியத்துக்குத் தசையைக் கூருணர்வாக்கும் லெவோசிமென்டான் அவ்வாறு வந்தது. 1,327 பேரிடம் நடந்த ஆய்வில் ஆறு மாத முடிவில் அது டோபுடமினை வெல்லவில்லை. தசைப்புரதமான மயோசினை நேரே தூண்டும் ஒமெகாம்டிவ் மெகார்பில் அடுத்து வந்தது. 2021-ல் வெளியான 8,256 பேர் கொண்ட ஆய்வில் முதன்மை விளைவு 39.1 விழுக்காட்டிலிருந்து 37.0 விழுக்காடாகக் குறைந்தது. இதய நோயால் இறப்பது குறையவில்லை. கெடுதல் இல்லை என்பது ஒரு முன்னேற்றம், ஆனால் எதிர்பார்த்த வெற்றி அன்று.

நான்கு, வரவைச் சீராக்கும் முயற்சிகளும் பெரிதாகப் பலிக்கவில்லை. கொழுப்பமில எரிப்பைக் குறைத்துக் குளுக்கோசுக்கு மாற்றினால் ஆக்சிசன் மிச்சமாகும் என்னும் கணக்கில் வந்த எட்டொமாக்சிர், கல்லீரல் நொதிகள் உயர்ந்ததால் ஆய்வின் நடுவிலேயே நின்றது. இரும்புச் சத்து குறைந்த இதய நோயாளிகளுக்கு ஊசி வழியே இரும்பு தருவது மட்டும், 2009-ல் 459 பேரிடம் நடந்த ஆய்வு முதல், அறிகுறிகளைக் குறைப்பதாகத் தெரிகிறது.

ஆகவே ஆற்றல் வாதம் திசைகாட்டியே தவிர அளவுகோல் அன்று. எந்தப் பக்கம் ஆபத்து என்று அது சரியாகக் காட்டுகிறது. ஒரு குறிப்பிட்ட மருந்து எவ்வளவு காக்கும், எவ்வளவு கெடுக்கும் என்பதை ஆய்வுகளே சொல்ல வேண்டியிருக்கிறது.

தூண்டு மருந்துக்கு உரிய இடம்

இதனால் டோபுடமினை ஒதுக்கிவிட வேண்டும் என்று முடிவுகட்டுவது இன்னொரு பிழை. இரத்த அழுத்தம் சரிந்து, கைகால் சில்லிட்டு, சிறுநீர் நின்று, நினைவு மங்கும் இதய அதிர்ச்சி நிலையில் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போகாவிட்டால் இதயத்தின் ஆற்றலை மிச்சப்படுத்திப் பயன் இல்லை. தீப்பிடித்த கூரைக்குத் தண்ணீர் இறைக்கும்போது மாட்டின் களைப்பைப் பார்க்க முடியாது. அடைப்பு நீக்கும் வரை, அறுவை வரை, மாற்று இதயம் கிடைக்கும் வரை தூண்டு மருந்து ஒரு பாலம். வேறு வழியே இல்லாத இறுதிக் கட்டத்தில் மூச்சுத் திணறலைத் தணிக்கவும், நோயாளியும் குடும்பத்தாரும் விளைவை அறிந்து ஏற்றுக்கொண்ட பின், அது பயன்படுகிறது. அங்கேயும் எந்த மருந்து சிறந்தது என்பதற்கு விடை எளிதில்லை. 2021-ல் அதிர்ச்சி நிலையில் இருந்த 192 பேரிடம் மில்ரினோனையும் டோபுடமினையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை. குறைந்த அளவு, குறைந்த காலம், தொடர்ந்த கண்காணிப்பு என்பதே இன்றைய நடைமுறை.

காரியாபட்டியிலிருந்து பார்க்கும்போது

இந்த வாதம் ஆய்வகத்துக்கு உரியது மட்டும் அன்று. இந்தியாவில் இதயச் செயலிழப்பு மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. அண்டை மாநிலத்தில் திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் சேர்ந்த 1,205 பேரின் சராசரி வயது 61. அவர்களில் 72 விழுக்காட்டினருக்குக் காரணம் இதயத் தமனி நோய். வழிகாட்டு நெறிகள் கூறும் மருந்துகளை முறையாகப் பெற்று வீடு திரும்பியவர்கள், இடது கீழறை தளர்ந்தவர்களில் நான்கில் ஒருவர் மட்டுமே. பின்னர் நாடெங்கும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைச் சேர்த்த தேசியப் பதிவேட்டில், மூன்று மாதத்துக்குள் 14.2 விழுக்காட்டினர் இறந்தனர். எனவே பெரும்பாலான நம் நோயாளிகள் தமனி அடைப்பால் ஆக்சிசன் வரவே குறைந்தவர்கள். செலவைக் கூட்டும் மருந்து அவர்களிடம் மேலும் ஆபத்தானது.

இனி ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். காரியாபட்டியைச் சுற்றிய ஒரு கிராமத்தில் அறுபது வயது விவசாயி. மாரடைப்பு வந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிழைத்தவர். மூச்சு வாங்கல் முற்றி மீண்டும் சேர்ந்தபோது இரண்டு நாள் டோபுடமின் ஏற்றினார்கள், எழுந்து உட்கார்ந்தார். வீடு திரும்பும்போது கார்வெடிலாலை மிகச் சிறிய அளவில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டச் சொன்னார்கள். முதல் வாரத்தில் அசதி கூடியது போலிருந்தது. அவர் தன் அனுபவத்திலிருந்து எடுக்கும் முடிவு என்னவாக இருக்கும்? ஏற்றிய மருந்து நல்ல மருந்து, மாத்திரை கெட்ட மருந்து. மாத்திரையை நிறுத்துவார். அசதி மீண்டும் வரும்போது ஒரு தெம்பு ஊசி போடச் சொல்லி, ஒரு பாட்டில் குளுக்கோசு ஏற்றச் சொல்லிப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போவார். நீர் தேங்கிய உடலில் மேலும் நீரை ஏற்றினால் மூச்சுத் திணறல் மிகும். பீட்டா தடுப்பியைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

இதில் அவருடைய தருக்கத்தைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. உடல் சொன்னதைத்தான் அவர் கேட்டார். ப்ராமிஸ் ஆய்வுக்கு முன்புவரை உலகின் பெரிய மருத்துவர்களும் அதே தருக்கத்தையே நம்பினார்கள். வேறுபாடு, மருத்துவ உலகம் ஆயிரம் பேரை எண்ணிப் பார்த்துத் தன் பிழையைக் கண்டுகொண்டது. ஒரு தனி நோயாளியால் தன் ஒரே வாழ்க்கையை வைத்து அப்படி எண்ணிப் பார்க்க முடியாது. அதை அவருக்கு எடுத்துச் சொல்வது மருத்துவரின், செவிலியரின், மருந்தாளுநரின் கடமை.

அதற்கான அமைப்புகள் தமிழ்நாட்டில் ஓரளவு உள்ளன. 2021 ஆகத்து 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்தம், நீரிழிவு நோய்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கிறது. 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டம், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்குத் தொடக்க மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தருகிறது. 2022 சனவரியில் விருதுநகரிலும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இதயச் செயலிழப்பு நோயாளியின் எடை, வீக்கம், துடிப்பு ஆகியவற்றைப் பார்த்து, மாத்திரை அளவைப் படிப்படியாகக் கூட்ட உதவும் பணியும் இதே வழியில் வீட்டு வாசலுக்குச் சென்றால், பதிவேடுகள் காட்டும் அந்த நான்கில் ஒருவர் என்னும் கணக்கு மாறும். பீட்டா தடுப்பியும் ஸ்பைரோனோலாக்டோனும் விலை மலிந்த பழைய மருந்துகள். ஸ்பைரோனோலாக்டோன் 1999-ல் 1,663 பேரிடம் நடந்த ஆய்வில் இறப்பை 30 விழுக்காடு குறைத்தது. இவற்றை விடாமல் எடுக்க வைப்பதே இன்றைய சிக்கல்.

மதிப்பீடு

தூண்டு மருந்துகளின் வரலாறு, ஒரு மருந்தை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்னும் கேள்வியின் வரலாறும் ஆகும். மறுநாள் காலைத் தெம்பை அளந்தால் டோபுடமின் வெல்லும். ஓராண்டு கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அளந்தால் பிசோப்ரலோல் வெல்லும். இரண்டும் நோயாளிக்கு முக்கியமானவையே. ஆனால் முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகிக்கக் கூடாது என்பதே இந்த நாற்பது ஆண்டுகள் கற்பித்த பாடம்.

ஆற்றல் செலவு என்னும் கருத்து இதற்கு ஒரு நல்ல விளக்கத்தைத் தருகிறது. அதையே முழு உண்மை என்று கொள்ளாமல், தாளக் கோளாறு, உயிரணுச் சிதைவு, சுவரின் இழுவிசை ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும் மாணவரே அதைச் சரியாகப் பயன்படுத்துபவர். நோயாளிக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளியது: களைத்த மாட்டைக் குத்தினால் இன்றைக்குத் தண்ணீர் வரும், அவிழ்த்துவிட்டுத் தீவனம் போட்டால் அடுத்த பட்டத்துக்கும் வரும். அவசரத்தில் குத்தத்தான் வேண்டும். அவசரம் கழிந்த பின்னும் தார்க்குச்சியைக் கீழே வைக்க மறப்பதே தவறு.